வாசல் வெளிச்சத்தில் பார்த்த கண்

என் தம்பி மனைவியை வேலையிடத்தில் எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக முட்டை பார்க்கிற வேலை. ஜன்னலில்லாத இருட்டறை. நடுவில் ஒரு விளக்குப் பெட்டி, அதன் மூடியில் சின்ன ஓட்டை. பத்து நாள் அடையில் இருந்த முட்டையை அதன்மேல் வைத்தால் உள்ளே இருப்பது தெரியும். சிலந்திக்கால் மாதிரி ரத்தக்குழாய் ஓடினால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் கரு பிடிக்கவில்லை. சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் குஞ்சு பாதியில் போய்விட்டது. ஒரு கையில் மூன்று முட்டையை உருட்டி, பேசிக்கொண்டே பிரித்துப் போடுவாள். அவள் ஒதுக்கியதை இன்னொருவர் திருப்பிப் பார்த்ததில்லை.

ஐம்பத்தாறு வயதில் அந்தக் கண் விட்டுவிட்டு மங்கியது. முதலில் என்னிடம்தான் சொன்னாள். நான் முப்பது வருடம் நோயாளிகளின் வீட்டோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொண்டவள், அதற்கென்று படித்துச் சான்றிதழ் வாங்கியவள். தலைவலி முதல் பேதி வரை எங்கள் வீட்டில் என் தீர்ப்புத்தான்.

"அண்ணி, முட்டை பார்த்துக்கிட்டே இருக்கும்போது புகை மூடின மாதிரி ஆயிடுது. விளக்கைச் சுத்தி கலர் கலரா வளையம் தெரியுது. நெத்தி வேற விண்ணுனு வலிக்குது. வெளியே வந்து கொஞ்ச நேரம் உக்காந்தா தானா சரியாயிடுது."

"கண்ணாடியை மொதல்ல தொடை. மஞ்சக்கரு ஒட்டியிருக்கும்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். நான் சோதனை செய்தேன். கண் மங்குகிறது என்றால் சர்க்கரையைப் பார் என்று படித்திருக்கிறேன். விரலில் குத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. ரத்த அழுத்தமும் சரி. பிறகு நல்ல வெயிலில் வாசலில் உட்காரவைத்து, மருந்துப் பெட்டியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருந்ததைப் படிக்கச் சொன்னேன். வலது கண், இடது கண் இரண்டாலும் தடங்கலில்லாமல் படித்தாள். கண் உலர்ந்திருக்கிறது, இருட்டில் விளக்கையே பார்த்தால் இப்படித்தான் ஆகும், மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடு என்று முடித்துவிட்டேன். கண் மங்குவது இருட்டறையில். நான் சோதித்ததோ வெயிலில். முதல் நாளே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். எனக்குத்தான் காதில் விழவில்லை.

இரண்டு மாதம் சொட்டு விட்டாள். உயிரில்லாத முட்டைகள் சில அவள் கையைத் தாண்டி மறுபடி அடைப்பெட்டிக்குள் போயின. அதில் ஒன்று அழுகி வெடித்து, அந்தத் தட்டு முழுக்க நாறியது. "எக்ஸ்ரே மெஷினுக்கு சர்வீஸ் டைம் வந்துடுச்சு போல," என்று மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னால் சொன்னாராம். அவளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் விடுப்புக் கேட்டு வாங்கினாள். அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. தும்மிக்கொண்டு அங்கே போய் உட்காராதே, அடுத்த வாரம் போகலாம் என்று நான்தான் நிறுத்தினேன். என் பையிலிருந்து சளி மாத்திரையும் எடுத்துக் கொடுத்தேன். விடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருட்டறையில் வாந்தி எடுத்தாள். தம்பி போய் அழைத்து வந்தான். தலையின் வலப்பக்கம் பிளக்கிறது என்றாள், வெளிச்சம் பட்டால் கூசியது. ஒற்றைத் தலைவலி என்று நினைத்துத் திரையை இழுத்து மூடிப் படுக்கவைத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மத்தியானம் இன்னொரு சளி மாத்திரையும் கொடுத்தேன்.

நாலு மணிக்குத்தான் டார்ச்சை எடுத்துக் கண்ணைப் பார்க்கத் தோன்றியது. வலது கண் சிவந்து, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. வெளிச்சம் அடித்தும் கண்மணி சுருங்கவில்லை. மூடிய இமைமேல் விரலை வைத்தேன். கண் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. வண்டி பிடிக்கச் சொல்லித் தம்பியை விரட்டினேன்.

கண் மருத்துவர் சின்னப் பெண். கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்ததும் மளமளவென்று சொட்டு விட்டு, ஊசி போடச் சொன்னார். ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடலைங்க," என்றாள் தம்பி மனைவி.

அந்த வலியிலும் அவள் எதற்காகப் பொய் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தம்பி பக்கத்தில் நின்றான். மருத்துவர் எழுத ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்படி வாயடைத்து நின்ற உறவினர்களை எத்தனையோ வீடுகளில் நான் திட்டியிருக்கிறேன். மருத்துவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் குரல் வந்தது.

"சளி மாத்திரை குடுத்தேன். நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. நான்தான் குடுத்தேன்."

மருத்துவர் திட்டவில்லை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற மூலை இவளுக்குப் பிறவியிலேயே குறுகல் என்றார். இருட்டில் கண்மணி விரியும்போது அந்த வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறும், வெளிச்சத்துக்கு வந்தால் திறந்துகொள்ளும். அதனால்தான் மங்கி மங்கித் தெளிந்திருக்கிறது. இந்த வகை மாத்திரையும் கண்மணியை விரியவைக்கும். மங்க ஆரம்பித்தபோதே வந்திருந்தால் லேசரால் சின்ன ஓட்டை போட்டு அனுப்பியிருக்கலாம் என்றார். விட்டுவிட்டு வருவதால் சின்னத் தொந்தரவு என்று நான் நினைத்திருந்தேன். அந்த இடைவெளியெல்லாம் எங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

அழுத்தம் இறங்கியதும் இரண்டு கண்ணிலும் லேசர் செய்தார்கள். இடது கண் தப்பியது. வலது கண்ணின் நரம்பு கெட்டு, அந்தப் பக்கத்துப் பார்வை போனது போனதுதான். முட்டை பார்க்கிற வேலையும் போனது. இப்போது வெளிச்சமான கூடத்தில் குஞ்சுகளை எண்ணிப் பெட்டியில் போடுகிறாள். எக்ஸ்ரே என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

தம்பி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அதை என்னால் தாங்க முடிந்தது. அவள்தான் ஒருநாள், "விடுங்க அண்ணி, எனக்கும்தான் லீவு போட மனசில்ல," என்றாள். அவளுக்கு மனது இருந்தது, விடுப்பும் வாங்கியிருந்தாள். சமையலறைக்குள் போகும்போது அவள் வலது தோள் கதவு நிலையில் இடித்தது. தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள்.