அறுபத்தாறு புள்ளி ஆறு ஏழு

பதினோரு வருடங்களாக ஒரு தப்பான புரோகிராமுக்கு நான் சிவப்பு மையில் டிக் அடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டு வந்திருக்கிறேன். வருடத்துக்கு இத்தனை பேர் என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தப்பு செய்ததுகூடப் பெரிய வெட்கம் இல்லை, அது யாருக்கும் வரும். அத்தனை வருடத்தில் அந்தப் புரோகிராமை நான் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் வெட்கம். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ‘எழுதினால் போதாது, ஓட்டிப் பார்’ என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போடுகிற ஆள் நான்.

எங்கள் கல்லூரி சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அஸ்தம்பட்டியில் காலை ஏழேகாலுக்குக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறும்போது இவர்களைச் சிந்திக்க வைத்தே தீர்வது என்று ஒரு லட்சியம் என்னோடு ஏறும். டோல்கேட் வருவதற்குள் அது தூங்கிவிடும். இறங்கும்போது நான் மட்டும்தான் இறங்குவேன்.

ஒரு நாள் முக்கால் மணி நேரம் தொண்டை வறள ஒரே விஷயத்தை நான்கு விதமாக விளக்கினேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இது ரெண்டு மார்க்கில் வருமா, பதினாறு மார்க்கில் வருமா என்பதுதான் சந்தேகம்.

மனப்பாடம் என்றால் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. விடுதியில் தங்கி, விடிவதற்கு முன் எழுந்து, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைச் செய்யுள் மாதிரி ஒப்பித்தே நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள். ஒரு பையன் தேர்வில் ஒரு பக்கப் புரோகிராமை அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தான். நடுவில் தனியாக ஒரு ‘37’ நின்றது. இது என்ன புது வித்தை என்று மண்டையை உடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். பக்க எண். அதையும் சேர்த்துப் படித்திருக்கிறான். முழு மதிப்பெண் போட்டேன். போடாவிட்டால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லேபில் செய்த ஒவ்வொரு புரோகிராமையும் மாணவர்கள் இந்த நோட்டின் வலது பக்கம் கையால் எழுத வேண்டும். அதை ஓட்டினால் திரையில் என்ன வந்தது என்பதை இடது பக்கம் பென்சிலால் எழுதிக் கட்டம் கட்ட வேண்டும். நான் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லாத நோட்டோடு செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். நடைமுறையில் போன வருடத்து அண்ணன் அக்காக்களின் நோட்டைப் பார்த்து வலது பக்கம், இடது பக்கம் இரண்டையும் அப்படியே இறக்கிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் ஒன்றும் தெரியாது, அதை யாரும் கேட்பதில்லை.

நாலாவது புரோகிராம், மூன்று பாட மதிப்பெண்களின் சராசரி. எழுபது, அறுபது, எழுபது. கூட்டினால் இருநூறு, மூன்றால் வகுத்தால் அறுபத்தாறு புள்ளி ஆறு ஏழு. பதினோரு வருடங்களாக எல்லா நோட்டிலும் அதே விடைதான். போன வருடம், எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரின் மகள், 66.00 என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

சிவப்பில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அதே விடையோடு வந்தாள். இருநூறை மூன்றால் வகுக்கத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பிறகென்ன என்றேன்.

“கம்ப்யூட்டர்ல வந்ததைத்தானுங்க சார் எழுதியிருக்கேன்.”

“மத்த எல்லாருக்கும் ஆறு ஏழு வந்திருக்கு. உனக்கு மட்டும் வராதா?”

“அவிங்கெல்லாம் ஓட்டிப் பாக்கலீங்க சார்.”

இதை அவள் கொஞ்சமும் எகத்தாளம் இல்லாமல் சொன்னாள். எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார் என்றேன். நாலு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டாளாம். இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் எழுந்து போய்ப் பார்த்திருப்பான். நானோ, தேர்வுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, சரியான விடையை எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் உன் இஷ்டம் என்றேன்.

“வராததை எப்படீங்க சார் எழுதறது?” என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் லேபைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மூலையில் கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டைக்காரர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், என்னைவிட ஐந்தாறு வருடம் அந்த லேபில் சீனியர். தினமும் காலையில் மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார். அந்த ஒயரிங்கைப் பார்த்தால் மதபேதமில்லாமல் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அன்று அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கீபோர்டையே துடைத்தார்.

வெள்ளிக்கிழமை பெண்ணோடு அவள் அப்பா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஹெல்மெட். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“ஏனுங்க சார், புள்ள ரெண்டு நாளா செரியாச் சோறு திங்கறதில்லீங்க. பரீட்சைக்கு உடலீன்னா அரியர் உழுந்துரும்ங்குது. அரியர் உழுந்தாப் படிப்ப நிறுத்திப்போடலாம்னு ஊட்டுல பெரியவிங்க பேசி வெச்சிருக்கறாங்க. பொண்ணு படிக்கோணும்னு ஒத்தையா நிக்கறது நாந்தானுங்க.” பிறகு மகள் பக்கம் திரும்பி, “சார் சொல்றதையே எழுதிக் குடுத்துரு சாமி. அவருக்குத் தெரியாததா?” என்றார்.

அவள் தலை குனிந்து நின்றாள். பென்சிலை மட்டும் எடுக்கவில்லை.

அவருக்குத் தெரியாததா என்ற அந்த வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது. வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே காட்டுகிறேன் என்று இருவரையும் லேபுக்குக் கூட்டிப் போனேன். நானே உட்கார்ந்தேன். பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன். எழுபது, அறுபது, எழுபது. என்டரைக் கொஞ்சம் நாடகமாகவே அழுத்தினேன்.

66.00.

திரும்ப ஓட்டினேன். 66.00. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் தடவை ஓட்டினேன். கம்ப்யூட்டருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. பின்னால் நின்ற அவள் அப்பாதான் பேசினார்.

“மிசினு ரிப்பேருங்களா சார்? நம்ம பண்ணையில தீவன எடை மிசினும் ஒவ்வொரு நேரம் இப்படித்தானுங்க அடம் புடிக்கும்.”

எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார், நல்ல மனிதர். ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கச் சொன்னால் இந்த மொழியில் கம்ப்யூட்டர் முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தூக்கி எறிந்துவிடும். மூன்று என்பதை ‘3.0’ என்று எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம். அந்தப் புரோகிராம், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பழைய ஜெராக்ஸ் ஒன்றைப் பார்த்து அவசரத்தில் நான் எழுதிக் கொடுத்தது; விடையைக் கையால் வகுத்துப் போட்டேன். இந்த விதியை இரண்டாம் பாடத்தில் நானே நடத்துகிறேன், அதுவும் நல்ல உதாரணங்களோடு.

மிசின் நன்றாக இருக்கிறது, தப்பு என்னுடையது என்று சொல்லி அங்கேயே அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். “போச்சாதுங்க சார், உடுங்க” என்று அவள் அப்பா எனக்கு ஆறுதல் சொன்னார், நான்தான் பரீட்சையில் தோற்றுப்போன மாதிரி.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று முழுவதையும் ஒப்புக்கொண்டேன். ஒரு ஆசிரியன் இப்படிப் பேசுவது அவர்கள் வாழ்க்கையில் மறக்காது என்று நினைத்தேன். வந்தது ஒரே கேள்வி, பரீட்சையில் எதை எழுதுவது? ரெக்கார்டை மாற்ற வேண்டாம், புரோகிராமைப் பேனாவில் எழுதியாகிவிட்டது, அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் குறையும் என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்துக்கொண்டார்கள். துறைத்தலைவரும் அதையே சொன்னார்.

திங்கட்கிழமை வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்தார். நோட்டுகளை வரிசையாகப் புரட்டிக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார். இந்த ஒரு பெண் மட்டும் சராசரியைத் தப்பாகப் போட்டிருக்கிறாளே, நீங்களும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவைத் திறந்தார். மூடச் சொன்னேன். அவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். இந்த முறை நாடகம் ஏதுமில்லை. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, அவர்கள் கல்லூரியிலும் நாலாவது புரோகிராம் இதேதான் என்றார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டார். மற்றவர்களுக்கும் போட்டார்.

அவர் போன பிறகு லேபில் அந்த அம்மாள் ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்துக்கொண்டு வந்தார். எனக்கு மனசு லேசாக இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் ஓட்டிப் பார்த்திருக்கிறது என்று, வருத்தப்படுகிற குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்து அவரிடம் சொன்னேன்.

“அது எப்படி சார்? வருசத்துக்கு ரெண்டு மூணு பிள்ளைங்க அறுபத்தாறுதான் வருதுன்னு வந்து நிக்கும். சார்கிட்டப் போய்க் கேக்காதீங்க, அவருக்குத் தெரியாது பாவம், ஆறு ஏழுன்னே எழுதிட்டுப் போங்கன்னு நான்தான் அனுப்பிச்சிடுவேன். இந்த வருசம் இந்தப் பிள்ளை ஓட்டிப் பாத்த வாரம்தான் நான் காய்ச்சல்னு லீவு போட்டுட்டேன்ல” என்றார்.