கதவு இருக்கு

முடிவெடுக்கிறவர்கள் ஒரு வகை. அவர்கள் எடுத்துவிட்ட முடிவை எடுக்கலாமா என்று பார்த்துவர அனுப்பப்படுகிறவர்கள் இன்னொரு வகை. ஆயத்த ஆடை தைத்து வெளியூருக்கு அனுப்பும் அந்தக் கம்பெனியில் ‘ஒருவேளை’ அக்கா இரண்டாவது வகை.

எதைப் பேசினாலும் ‘ஒருவேளை’யில்தான் தொடங்குவார், அதனால் அந்தப் பெயர். ஒருவேளை லாரி வரலேன்னா? ஒருவேளை பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கலேன்னா? கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து, மூடியதைத் திறந்து, மறுபடி மூடிவிட்டுப் போவார். கூடவே குடியிருக்கும் தங்கை, “நீ இப்படித் திறந்து பாக்கறப்பதான் அது ஒரு நாள் வெடிக்கப்போவுது” என்பாள். அக்கா அதையும் ஏற்கெனவே யோசித்துப் பயந்து முடித்திருப்பார்.

நாமெல்லாம் இலவசமாகப் பயப்படுகிறோம். அக்காவுக்கு அதற்குச் சம்பளம் வந்தது. கம்பெனியில் எந்தத் திட்டம் என்றாலும், திட்டம் போடுவதற்கு முன் நிலவரம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. என்ன இருக்கிறது, என்ன இல்லை, எங்கே மாட்டிக்கொள்வோம் என்று சுற்றிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை யாராவது படித்தார்களா என்று கேட்பது அவர் வேலையில் சேராது.

இந்தமுறை வந்த திட்டம், பேக்கிங் பிரிவை மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலிருந்து அடித்தளத்துக்கு இறக்குவது. மேலே புது மெஷின்கள் வருகின்றன. “நிலவரம் பார்த்து அறிக்கை தரவும்” என்று மேனேஜர் தாள் அனுப்பிய அன்றே, அடித்தளத்துக்கான மேசைகள் வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. திறப்பு விழாவுக்கு ரிப்பன் என்ன நிறம் என்று வரவேற்பறையில் சர்ச்சை நடந்தது.

“மேசையே வந்துடுச்சே சார்” என்றார் அக்கா.

“அது வரட்டும். நீங்க நிலவரம் பாருங்க” என்றார் மேனேஜர். “கலவரம் பாக்காதீங்க.”

அக்கா சிரிக்கவில்லை. பேக்கிங்கில் சட்டை மடிக்கும் பெண்களில் அவர் தங்கையும் ஒருத்தி. இதுவரை அவர் பார்த்த நிலவரம் எல்லாம் மெஷினுக்கும் பைப்புக்கும். இதில் தங்கை உட்காரப் போகிறாள்.

கேள்வி கேட்கத் தொடங்கினார். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்.

“கீழ காத்து வர வழி இருக்கா?” “இருக்கு.” “தீயணைக்கிற சிலிண்டர்?” “இருக்கு.” “படியைத் தவிர வெளிய போக இன்னொரு வழி?” “கதவு இருக்கு.”

நம் ‘இருக்கு’ ஒரு தாராளமான சொல். தொட்டியில் தண்ணீர் இருக்கா என்றால், அடியில் ஒரு கை தண்ணீர் கிடந்தாலும் இருக்கு. சைக்கிள் இருக்கா என்றால், டயர் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாலும் இருக்கு. பொய் சொன்னதாக யாரையும் பிடிக்க முடியாது. அக்காவுக்கு இது தெரியும். ஆகவே வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினார்.

இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படி. கீழே குழல் விளக்கு ஒன்று எரியலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. வெட்டுத்துணி மூட்டைகள் கூரை வரைக்கும். காகித அட்டை, பிளாஸ்டிக் உறை, பசை வாடை. காற்று வரும் வழி என்று வாட்ச்மேன் காட்டியது கைக்குட்டை அளவு ஜன்னல். அதையும் ஒரு காலண்டர் அட்டையால் அடைத்திருந்தார்கள்.

“எதுக்கு அடைச்சீங்க?”

“கொசு வருதும்மா.”

“சரி, கதவு எங்க?”

“இந்த மூட்டைக்குப் பின்னால. அங்கதான் இருக்கும். எங்க போவப்போவுது?”

மூட்டைகளை நகர்த்தி, துருப்பிடித்த தாழ்ப்பாளைச் செங்கல்லால் தட்டி, இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. அந்தப் பக்கம் சுவர். கதவின் சட்டத்தோடு ஒட்டி, பூசாத செங்கல் சுவர். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ எழுப்பியது.

அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. கை அதிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி எடுக்க வரவில்லை. இந்தப் பக்கமிருந்து எத்தனை கைகள் இதைத் தள்ளும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. எல்லாக் கைகளிலும் தங்கையின் வளையல் இருந்தது.

“கதவு கேட்டீங்க, காட்டிட்டேன்” என்றார் வாட்ச்மேன். “சுவரைப் பத்தி யாரும் கேக்கலையேம்மா.”

அன்று சாயங்காலம் தங்கை செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள். “அக்கா, சீக்கிரம் எழுதிக் குடுத்துடு. தகரத்துக்கு அடியில வெந்து சாகறோம். கீழ ஜில்லுன்னு இருக்குமாம். ஆளுக்கு ஒரு ஃபேன் வேற.”

“அங்க வேண்டாம்டி.”

“வேண்டாம்னா பேக்கிங்கையே வெளிய காண்ட்ராக்டுக்கு விட்டுருவாங்களாம். சூப்பர்வைசர் சொன்னாரு. அப்புறம் நான் உன் தலைமேலதான் உக்காந்து சாப்பிடணும்.”

அக்கா சுவரைப் பற்றிச் சொன்னார்.

“தீ வந்தாத்தானேக்கா.”

“ஒருவேளை வந்தா?”

தங்கை வழக்கம்போலச் சிரித்தாள். பிறகு, சிரிப்பு முடியும் முன்பே, “படி பக்கம் வந்தா?” என்று கேட்டாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தங்கை எழுந்து போய்க் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அவள் அப்படிச் செய்து அக்கா பார்த்ததே இல்லை. அதுதான் அக்காவை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் அறிக்கை கேட்கும் கூட்டம். அறைக்கு வெளியே மேனேஜர் அக்காவை நிறுத்தி வைத்துச் சொன்னார்: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒருவேளையை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்கதானே?”

முதலாளி நடுவில் உட்கார்ந்து ரிப்பன் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் கேட்டார். விளக்கு? இருக்கு சார். சிலிண்டர்? இருக்கு சார். அக்காவின் வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. பயந்த வாய்க்கு அதுதான் சுலபம். இரண்டாவது கதவு?

“இருக்கு சார்.”

“அவ்ளோதானே? முடிஞ்சுது” என்று மேனேஜர் எழுந்தார்.

“கதவு இருக்கு சார்” என்றார் அக்கா மறுபடி. “கதவுக்கு அந்தப் பக்கம்தான் இல்ல.”

யாரோ சிரித்தார்கள். முதலாளிக்குப் புரியவில்லை, புரியாததை ஒப்புக்கொள்கிற வழக்கம் இல்லாததால், “வாங்க, போய்ப் பாத்துடுவோம்” என்றார். ரிப்பன் எங்கே கட்டுவது என்பதையும் அப்படியே பார்த்துவிடலாமே.

எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். முதலாளி தன் கையாலேயே கதவை இழுத்தார். சுவரைப் பார்த்தார். “இது நம்ம சுவரா?”

“பக்கத்துக் கம்பெனியோடது சார்.”

“அப்ப தப்பு அவங்களோடது” என்றார், நிம்மதியாக. மேனேஜரும் நிம்மதியாகச் சொன்னார்: “அதையும் அறிக்கையில சேத்துக்குங்க. மேசையை இறக்குங்க.”

அப்போது விளக்கு அணைந்தது.

ஸ்விட்ச் அருகில் நின்றவர் அக்கா. வேண்டுமென்றே செய்தாரா, நடுங்கிய கை பட்டுவிட்டதா என்று கம்பெனியில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கேட்டால், “கை நடுங்கிச்சு” என்பார். கை நடுங்கியது உண்மை.

இருட்டு கெட்டியாக இருந்தது. முதலில் இருமல். பிறகு யார் காலையோ யாரோ மிதிக்கும் சத்தம். “படி எந்தப் பக்கம்?” என்றது முதலாளியின் குரல். “இந்தப் பக்கம் சார்” என்று இரண்டு திசைகளிலிருந்து பதில் வந்தது. மூட்டை ஒன்று சரிந்தது. “தள்ளாதீங்கப்பா” என்றார் மேனேஜர். யாரும் தள்ளவில்லை, அது மூட்டை. எங்கோ நகம் செங்கல்லில் கீறும் ஓசை கேட்டது. அக்காவுக்கு ஸ்விட்ச் எங்கே என்று தெரியும்; ஆனால் விரல் நகர மறுத்தது. மூச்சு விடும் சத்தத்தில் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அத்தனையும் தங்கையுடையதாகக் கேட்டது. ஒருவழியாக அழுத்தினார்.

வெளிச்சம் வந்தபோது முதலாளி சுவரைப் பார்த்து நின்றிருந்தார், இரண்டு கையும் செங்கல்லில். விரல் நுனியில் சிவப்புத் தூள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“மேசையைத் திருப்பி அனுப்புங்க” என்றார், சுவரிடம். பிறகு அக்காவிடம், “நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க.” அந்தக் குரலில் பாராட்டு எதுவும் இல்லை.

அக்கா மாடி ஏறினார். தகரக் கொட்டகையில் தங்கை வேர்த்து வழிய சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் பார்வையாலேயே கேட்டாள்.

“மேலதான்” என்றார் அக்கா.

“காண்ட்ராக்டு?”

“அது பத்திப் பேச்சே வரல.”

“உன் வேலை?”

“முதலாளி நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. அப்பத் தெரியும்.”

தங்கை ஒரு சட்டையின் காலரை நிமிர்த்தி, மடித்து, அடுக்கில் வைத்தாள். “அப்ப ஃபேன் கிடையாதா?”

“கேக்கறேன்.”

“நாளைக்கேவா? உன்னை வெளிய அனுப்பப் போறாங்களோ என்னவோ, அவர்கிட்ட போயி ஃபேன் கேக்கப் போறியா?”

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எத்தனை வேணும்னு சரியா சொல்லு. நடுக்கத்துல நான் மறந்துடுவேன்” என்றார்.