நீரடிமுத்து எண்ணெயும் அம்மன் தந்த கொப்புளமும்

மாரியம்மாவின் பிள்ளைகளே, அவள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

இடது கையில் தேமல் மாதிரி ஒன்று வெளுத்து வந்தது. தங்கவயல் ஊரிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் போய் கார்மெண்ட்ஸில் தைக்கிறவள் நான். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவளுக்குக் கையைப் பார்க்க எங்கே நேரம்? ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள். மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் செல்வம் நாட்டு மருந்துக் கடையில் நீரடிமுத்து எண்ணெய் வாங்கி வந்தார். நீரடிமுத்து மரத்தின் விதையில் எடுப்பது. சொறி, படை எதுவானாலும் அவர் வீட்டில் அதைத்தான் பூசுவார்களாம். அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தினமும் பூசினேன். தேமல் போகவில்லை, கைதான் மரத்துக்கொண்டே வந்தது. துணி பிடிக்க முடியாவிட்டால் வேலை போய்விடும். அழக்கூடத் தெம்பில்லை. "என் கையக் குடுத்துடு தாயே, ஆடியில தீச்சட்டி எடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

எடுத்தேன். வலது கை சுட்டபோதெல்லாம் சட்டியை இடது கைக்கு மாற்றினேன். அங்கே சுடவே இல்லை. "அம்மா உம்மேல எறங்கிட்டா" என்று கூட வந்த பெண்கள் குலவை போட்டார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

காலையில் பார்த்தால் இடது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். செல்வம் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்கலயா?"

"இல்லயே."

"இன்னாடி இது? அம்மா தாங்கியிருந்தா கொப்புளம் ஏன் வருது? கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டாராம். எனக்குத் தெரியவில்லை. தொழுநோய் என்றார். எண்ணெய் பூசியதைச் சொன்னேன்.

"அந்தக் காலத்துல இந்த வியாதிக்கே அதத்தாம்மா பூசுவாங்க. இப்ப மாத்திரை இருக்கு, விடாம சாப்பிடுங்க, சரியாயிடும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா விரல் மடங்கிப் போயிருக்கும்."

மாதக்கணக்கில் சாப்பிட்டேன். வேலையும் ரயிலும் நிற்கவில்லை. அம்மன் முன்னால் கையை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ரயிலில் இடது கையில் கொசு கடித்தது. சுருக்கென்றது! அடிக்க மனசு வரவில்லை. குடித்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டே அழுதேன்.

அந்தக் கொப்புளம்தான் அவள் எனக்குச் சொன்ன பதில். நீங்களும் அவளை நம்புங்கள். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் அவளிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் அவள் கூட வருவாள்.