குளிர் ஏரிக்கு இரண்டு ரீல்கள்

அந்த யோசனை வந்தபோது என் கண்ணிமை மயிர்களில் உறைபனி ஒட்டியிருந்தது. மேற்கு சிட்னியில், உறைந்த உணவுகளை வைக்கும் ஒரு பெரிய களஞ்சியத்தில், யூனிவர்சிட்டி வகுப்பில்லாத நாட்களில் எனக்குப் பெட்டி அடுக்கும் வேலை. விடிகாலையில் தொடங்கினால் மத்தியானம் முடியும். குளிரறைக்குள் கொஞ்ச நேரம், வெளியே வந்து கைகளை உருக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம், திரும்பவும் உள்ளே. அப்படி வெளியே வந்து, சாப்பாட்டறையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு இருந்தபோது மேசையில் பழைய மீன்பிடிச் சஞ்சிகை ஒன்று கிடந்தது. யார் போட்டுவிட்டுப் போனார்களோ தெரியாது. நடுப்பக்கத்தில் ஒரு படம். எந்த நாடோ, ஏரி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பனிக்கட்டியில் துளை போட்டு, கைநீளம்கூட வராத கோல்களைப் பிடித்தபடி, கவிழ்த்த வாளிகளின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. சும்மா இருக்கிறார்கள்.

எனக்கு அத்தானின் ஞாபகம் வந்தது. அவரும் சும்மாதான் இருந்தார்.

வென்ட்வேர்த்வில்லில் அக்காவோடும் அத்தானோடும்தான் நான் இருந்தேன். அத்தான் பல வருடங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் அச்சு இயந்திரத்தில் நின்றவர். அதை மூடிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவரும் முதலில் விண்ணப்பங்கள் போட்டார். பிறகு நிறுத்திவிட்டார். காலையில் எழும்பிச் சவரம் செய்வார், இஸ்திரி போட்ட சேர்ட்டை மாட்டுவார், சோபாவில் வந்து உட்காருவார். அவ்வளவுதான் அவருடைய நாள். கடைக்குப் போவதில்லை. ரயிலேறுவதில்லை. தேவாலயத்துக்கு ஞாயிறு பூசைக்கு மட்டும் வருவார், அதுவும் கடைசி வரிசையில் நின்று, யாரும் "இப்ப எங்கை வேலை?" என்று கேட்குமுன் காருக்குள் போய்விடுவார்.

அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு, வீங்கிய கால்களோடு வருவாள். "கதைக்கிறாரே இல்லையடா," என்பாள். "சண்டையாவது பிடிக்கலாம். அதுவும் இல்லை." சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தபடியே தூங்கிவிடுவாள். அந்த வீட்டில் எல்லோரும் களைத்திருந்தோம். வேலை செய்யாதவர்தான் எல்லாரிலும் அதிகம் களைத்துப் போயிருந்தார்.

"பாய், இங்கை எங்கையாவது ஏரி இப்பிடி உறையுமோ?" என்று, சாப்பாட்டறைக்கு வந்த பாயிடம் அந்தச் சஞ்சிகையைக் காட்டிக் கேட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாய் தமிழ்நாட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவர்.

"முழுசா உறையாது. ஸ்நோவி மலைப் பக்கம் கரையோரம் உறையும்பாங்க. ஏன் தம்பி, இங்க வாங்குற குளிரு பத்தலையா? லீவு போட்டு வேற வாங்கப் போறியா?"

"ஓம்," என்றேன். அந்த நொடியில் தீர்மானித்ததுதான்.

அன்று பின்னேரம் அத்தானுக்கும் ரெலிவிஷனுக்கும் நடுவில் போய் நின்று, மலையேரிக்கு இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போவோம் என்றேன். அவர் என்னைத் தாண்டித் திரையைப் பார்க்க முயன்றார்.

"ஊர் மன்னார் எண்டவுடனை எல்லாரும் நாங்கள் வலையோடை பிறந்த மாதிரிக் கதைக்கிறியள். நான் கச்சேரியிலை, அரசாங்கக் கந்தோரிலை, கிளாக்காக இருந்தவன். கடலிலை இறங்கினால் எனக்குச் சத்தி வரும்."

"இது ஏரி, அத்தான். கரையிலை நிண்டு எறியிறது. ஆடாது."

அவர் ரெலிவிஷன் சத்தத்தைக் கூட்டினார். நான் விலகி அறைக்குப் போய்விட்டேன். நல்ல நேரம் கழித்து, கதவடியில் அவருடைய குரல் கேட்டது.

"ரீல் வைச்சிருக்கிறியோ?"

மாதக்கணக்கில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயைப் பூட்டிவிட்டு அப்படியே நின்றாள்.

எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் பரீட்சைப் பாடம்கூட மறந்துபோகும். யூனி நூலகத்துக் கணினியில் இருந்து, குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்ததையெல்லாம் வாசித்தேன். வகுப்பு விட்டதும் பரமட்டாவில் மீன்பிடிக் கடைக்குப் போய், விற்பனைப் பையன் அலுத்துப்போகும்வரை கோல்களை வளைத்துப் பார்த்தேன். படத்தில் கண்ட குட்டிக் கோல் எங்களுக்கு உதவாது. அது துளைக்குள் நேரே இறக்குவதற்கு. நாங்கள் கரையில் நின்று, ஓரத்துப் பனித்தகட்டைத் தாண்டி எறிய வேண்டும். ஆகவே ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் நீளமானது. கார்பன் கோல் இறகு மாதிரி இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஆனால் எங்காவது கல்லில் ஒரு தட்டுத் தட்டுப்பட்டால் பிறகு வளையும்போது அந்த இடத்திலேயே முறியும் என்று வாசித்திருந்தேன். கண்ணாடியிழைக் கோல் பாரம், அழகில்லை, ஆனால் கதவிடுக்கில் அகப்பட்டாலும் தாங்கும். விலையும் எங்களுக்குச் சரி. நூல் ஓடும் வளையங்கள் பெரிதாக இருக்க வேண்டும். சின்ன வளையமென்றால் நனைந்த நூலிலிருந்து வடிகிற நீரே உறைந்து அதை அடைத்துவிடும். பிடி தக்கையில் இருந்தால் கை விறைக்காது.

நூலைச் சுற்றும் ரீல்தான் என் மண்டையைத் தின்றது. உள்ளே சுழலும் பெயரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது எதையும் சொல்லாது என்பது இரண்டு மலிவு ரீல்களை வாங்கி வேலைக்குக் கொண்டுபோனபோது தெரிந்தது. சாப்பாட்டுப் பையோடு அவற்றைக் குளிரறைக்குள் ஒரு தட்டில் வைத்தேன். வேலை முறை முடிந்து எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் இரண்டும் சிமெந்து குழைப்பது போல அசைந்தன. பாய் எட்டிப் பார்த்தார்.

"செத்துப் போச்சா?"

"இல்லை பாய். உள்ளுக்கை கிறீஸ் இறுகிப்போச்சு."

"அப்ப அதைத் தொடைச்சு எறி. குளிர்ல எல்லாமே கம்மியா இருக்கறதுதான் நல்லது, நம்மளையும் சேர்த்து."

வீட்டில் பழைய பேப்பரை விரித்து இரண்டு ரீல்களையும் கழற்றினேன். தொழிற்சாலையில் அப்பியிருந்த மஞ்சள் கிறீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை காயவைத்துப் பூட்டினேன். அத்தான் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை குளிரறையில் வைத்து எடுத்தபோது இரண்டும் சிறிது கரகரத்தன, ஆனால் சுற்றின. மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் திருகும் இளகலாக வேலை செய்தது. இழுக்கிற மீனுக்கு அந்தத் திருகு விட்டுக்கொடுக்காவிட்டால் நூல் அறுந்துவிடும். அதனால் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு நானே கைகொடுக்காத குறை.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்து புறப்பட்டால் ஸ்நோவி மலையிலுள்ள யூகம்பீன் ஏரிக்குப் போய்ச்சேரப் பொழுது சாய்ந்துவிடும். மீன் பிடிப்பது ஞாயிறு விடியவே. ஞாயிறு பூசை தவறும். காய்ச்சலோடும் பூசைக்குப் போகிற ஆள் அக்கா. எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்.

"பூசையை நான் பார்த்துக்கொள்ளுறன். நீ அவரைக் கூட்டிக்கொண்டு போ." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மீனாவது ஆப்பிட வேணுமடா. இதுவும் சரிவராட்டில் அந்த மனுசன் பிறகு எழும்பாது."

அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். வழி முழுக்க அந்த வார்த்தைதான் பின்சீட்டில் ஓர் ஆளைப்போல உட்கார்ந்து கூட வந்தது. விடிகாலை முறை முடித்து வந்தவன், ஸ்ரியரிங்கில் தலை சாயாமல் இருக்க யன்னலைத் திறந்துவைத்து ஓட்டினேன். அத்தான் ரீல் பையை மடியில் வைத்திருந்தார். கூமா ஊரைத் தாண்டிய பிறகு புல்வெளி ஓரங்களில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. "உப்புக் கொட்டினமாதிரி," என்றார்.

ஏரிக்கரையில் மலிவான கபின் ஒன்று எடுத்திருந்தோம். கோல்களையும் ரீல்களையும் அத்தான் ஹீட்டருக்குப் பக்கத்தில் சாத்தினார்.

விடிந்ததும் இறங்கினோம். கரையோரம் கண்ணாடித் தகடுபோல உறைந்திருந்தது. அதற்கப்பால் தண்ணீர் கறுப்பாக, அசையாமல். நான் காட்டிக்கொடுத்தபடி அத்தான் எறிந்தார். முதல் வீச்சு தகட்டின் மேலேயே விழுந்து சறுக்கியது. மூன்றாம் நாலாம் வீச்சில் தண்ணீருக்குப் போனது. ரீல் வெண்ணெய் மாதிரிச் சுற்றுவதைக் கவனித்தேன். குளிரறையில் கேட்ட அந்தக் கரகரப்பு இல்லை. அது ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்; அரைத் தூக்கத்தில் எனக்குத் தோன்றவில்லை.

நேரம் போனது. கால்விரல்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. வளையங்களில் சேர்ந்த பனியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துக் கரைத்தோம். அத்தானின் கோல் நுனி ஒருமுறை குனிந்தது. பிறகு பலமாகக் குனிந்தது.

"டேய்! டேய்! பிடிச்சிட்டுது! என்ன செய்யிறது?"

அந்தச் சத்தம் அவரிடமிருந்துதான் வந்தது. கரை முழுக்கக் கேட்டிருக்கும்.

"சுத்துங்கோ அத்தான், மெதுவாச் சுத்துங்கோ!"

"சுத்துதில்லையடா! இறுகிப்போச்சு!"

தண்ணீருக்கு மேலே ட்ரவுட் மீன் ஒன்று ஒரு முறை புரண்டது, பக்கவாட்டில் செம்புநிறம். கோல் பாதி வட்டமாக வளைந்தது, முறியவில்லை. திருகு நூலை விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம். விடவில்லை. "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். நூல் காற்றில் தளர்ந்து திரும்பி வந்தது.

அத்தான் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். சோபாவில் உட்காரும் அதே மாதிரி, கைகளைத் தொடைகளுக்கிடையில் செருகி. என்னுடைய ரீலைச் சுற்றிப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. கையுறையைக் கழற்றி மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே பல்லுச் சக்கரங்களைச் சுற்றி, மெழுகுதிரி உருகிப் படிந்ததுபோல, வெள்ளையாக. மூக்கருகே கொண்டுபோனேன். அந்தப் பனிமலையில் எங்கள் குசினி மணந்தது.

"தேங்காயெண்ணெய்," என்றேன். ராத்திரி ஹீட்டர்ச் சூட்டில் உருகி வழுவழுத்தது, கரைக் குளிரில் திரும்ப உறைந்திருந்தது.

அத்தான் நிமிரவில்லை. "நான்தான் விட்டனான். வெள்ளிக்கிழமை. நீ ஒண்டும் போடாமல் காஞ்சபடி பூட்டி வைச்சிருந்தாய். தேய்ஞ்சு போகுமெண்டு நினைச்சன்."

"போத்தல் உறைஞ்செல்லே இருந்திருக்கும்?"

"ஓம். சுடுதண்ணிக்குள்ளை வைச்சு உருக்கித்தான் விட்டனான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருடைய காதிலேயே விழுந்தது போலிருந்தது. என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, சிரிக்கப் பலமும் இல்லை. மாதக்கணக்காக ஒரு கோப்பையைக்கூட நகர்த்தாத மனிதர், யாரும் சொல்லாமல் எழும்பிப்போய், அடுப்பில் தண்ணீர் வைத்து, எண்ணெயை உருக்கி, இரண்டு ரீல்களையும் கழற்றிப் பூட்டியிருக்கிறார். நான் எதற்காகக் கோபப்படுவது?

"அது பெரிய மீன், என்ன?" என்றார்.

"பெரிசுதான்."

"இவ்வளவு இருக்கும்." கைகளைத் தொடைகளுக்கிடையிலிருந்து எடுத்து அளந்து காட்டினார். காட்டிய பிறகு சற்று யோசித்து இன்னும் கொஞ்சம் அகட்டினார்.

திரும்பும் வழியில் அவர் தூங்கினார். நானும் தூங்கியிருப்பேன், யாராவது ஓட்டியிருந்தால். கோல்பேர்ன் அருகில் திடீரென்று கண் திறக்காமலே, "கைப்பிடிக் குமிழ் காணாது. கையுறையோடை பிடிக்க வழுக்குது," என்றார். பிறகு, "கோல் பிழையில்லை. அந்த இழுவைக்கு நிண்டுது," என்றார். பிறகு திரும்பவும் தூங்கிவிட்டார்.

அக்கா வாசலில் நின்றாள். எங்கள் கைகளைப் பார்த்தாள்; வெறும் கை. முகத்தைக் கவனமாக ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொண்டு, "மீன்?" என்றாள்.

"வந்தது. உன்ரை எண்ணெய் விடேல்லை," என்றார் அத்தான்.

"என்ரை எண்ணெயோ? அதென்ன கதை?"

அவர் அந்தக் கதையை நின்றபடியே முழுவதும் சொன்னார். நடுவில் அவள், "விசரோ உங்களுக்கு, உருக்கின எண்ணெய் திரும்ப உறையாதோ?" என்று கேட்டாள். "இப்ப கேக்கிறாய், வெள்ளிக்கிழமை எங்கை போனனீ?" என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் சண்டை பிடித்தார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, சப்பாத்தைக் கழற்றத் தெம்பில்லாமல், கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் கேட்க விரும்பியதைக் கடைசியில் நான்தான் கேட்டேன். "அத்தான், திரும்பப் போவமோ?"

"இந்த ரீலோடை வரமாட்டன்," என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "இரண்டையும் நாளைக்கு மண்ணெண்ணெயிலை கழுவுறன். ஆனால் குமிழ் பெரிசா உள்ள ஒண்டு வேணும். செவ்வாய்க்கிழமை ரயிலிலை பரமட்டாவுக்குப் போய்ப் பாக்கிறன்."

"நான் வகுப்பு முடிய வாறன், சேர்ந்து போவம். எதைப் பாக்கவேணும் எண்டு எழுதித்தாறன்."

"நீ ஒண்டும் எழுத வேண்டாம். நித்திரையைக் கொள்ளு. கையுறையையும் கொண்டுபோய், போட்டுச் சுத்திப் பாத்துத்தான் எடுப்பன்."

மாத முடிவில் எனக்கு ஒரு சனிக்கிழமை முழு விடுமுறை கிடைக்கும். வெள்ளி மாலையே புறப்பட்டு, சனி விடிய அதே கரையில், அவர் தெரிந்தெடுக்கும் ரீலை ஒரு துளி எண்ணெய்கூட இல்லாமல் போட்டு எறிந்து பார்ப்பதாக இருக்கிறோம்.