திரைக்குக் கீழே இரண்டு வரி

எங்கள் பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் அவர் வாங்கிய பழைய லேப்டாப்பில் கல்யாணப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்தது. பெண், மாப்பிள்ளை நட்சத்திரங்களைத் தட்டினால் பொருத்தங்களை வரிசையாகக் காட்டும். பிறகென்ன, நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் "எல்லாம் பொருத்தம்லா" என்று சொல்லியாக வேண்டும். ஜோசியர்களை விட்டால் வேறு கதியில்லை என்றிருந்த என் அம்மாகூட அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பது அம்மாவின் கட்சி.

எனக்கும் கிள்ளான் ஊர் மாப்பிள்ளைக்கும் அதில்தான் பார்த்தார்கள். எல்லாம் பொருத்தம். பத்திரிகை அடித்து ரவாங் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, வடை எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "உப்பு இல்ல ஆன்டி" என்று சொன்ன மனிதர். கட்டினால் இந்த ஆளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்திய மாதம் பெரியப்பா வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. அம்மாவும் நானும் போயிருந்தோம். அந்த வீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பெரியம்மா பெரியப்பாவோடு நேராகப் பேசமாட்டார். தன் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரமாட்டேன் என்று வீம்பு பிடித்ததிலிருந்து அப்படி. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். "சாப்பாடு ரெடின்னு அங்க சொல்லு" என்பார் என்னிடம். பெரியப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் வேலை. சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா லேப்டாப்பை எடுத்துக் காட்டினார். திரையில் எழுத்தெல்லாம் தடித்தடியாக, சொரசொரவென்று தெரிந்தது.

"அங்கிள், இதுல இருக்கிற கிராபிக்ஸ் டிரைவர் ரொம்ப பழசு. ஸ்கிரீன்ல எப்படிக் காட்டணும்னு சொல்றதே அதுதான். புதுசு போட்டா எல்லாம் முழுசா தெரியும். பேக்ல சிடி வச்சிருக்கேன்."

பெரியப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சிடியைப் போட்டார்கள். திரை இருண்டது. பெரியப்பா முகமும் இருண்டது. மறுபடி உயிர் வந்தபோது எழுத்துகள் சின்னதாக, பளிச்சென்று இருந்தன. ஆசை தாங்காமல் பெரியப்பா உடனே தன் பொருத்தப் புரோகிராமைத் திறந்தார். கடைசியாகப் பார்த்த எங்கள் இருவர் பொருத்தமும் தானாக வந்து நின்றது.

பழைய திரையில் எட்டு வரிதான் கொள்ளும் போலிருக்கிறது. இப்போது அடியில் இன்னும் இரண்டு வரி தெரிந்தது. அதில் ஒன்று: ரஜ்ஜு, பொருத்தம் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்துப் பொருத்தம், பத்துப் பொருத்தம் என்று வாய் நிறையச் சொல்கிறோமே தவிர, எண்ணிப் பார்த்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை! பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரஜ்ஜு இல்லன்னா தாலி நிலைக்காதுன்னு சொல்வாங்களே. ஐயோ, என்ன செய்வேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரியப்பா மேல் கோபம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாப்பிள்ளை மேல் அதைவிடக் கோபம். சாப்பிட்டோமா போனோமா என்று இருக்கக்கூடாதா?

"தம்பி, அதைப் பழையபடியே வச்சிடுங்க," என்றார் அம்மா.

"வைக்கலாம் ஆன்டி. ஆனா அந்த வரி உள்ள இருக்கத்தான் செய்யும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

வடைக்குச் சொன்ன அதே குரல். உனக்குப் பொய்யே வராதா என்று கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நிறுத்திட வேண்டியதுதான். தெரிஞ்சே எம்பொண்ணைக் கொடுக்க முடியாது." மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன்.

அதுவரை அடுப்படி வாசலில் நின்ற பெரியம்மா உள்ளே வந்தார். "தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் போட்டுப் பாருங்க," என்று இருவர் நட்சத்திரத்தையும் சொன்னார்.

மாப்பிள்ளை தட்டினார். வரிசையாக வந்தது. உண்டு, உண்டு என்று அடி வரைக்கும் உண்டு. ரஜ்ஜுவும் உண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பெரியம்மா திரைக்குக் கிட்டே குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து, நேராகப் பெரியப்பா முகத்தைப் பார்த்தார்.

"நமக்குப் பத்தும் இருக்காமே," என்றார்.

இத்தனை வருஷத்தில் பெரியம்மா அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"இந்தப் பிள்ளைங்க கல்யாணத்த நடத்துங்க. நீங்களும் வாங்க, நானும் வரேன்," என்றார் பெரியம்மா, அவரிடமே.

பெரியப்பா லேப்டாப்பை மூடினார். சரி என்று தலையை ஆட்டினார்.