டியூக் அரண்மனைக்கு நாலு தடவை

நம்மவர்களை வெளிநாட்டுச் சுற்றுலா கூட்டிப் போகிற தொழிலுக்கு வரலாற்று அறிவு தேவையில்லை, எருமைப் பொறுமை இருந்தால் போதும். சொந்தக்காரர்களை நயாகரா கூட்டிப் போய் நொந்தவர்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வருஷா வருஷம் ஒரு கூட்டத்தை இத்தாலிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு டியூக் வாழ்ந்த அரண்மனை இப்போது ஓவிய மியூசியம். மாடியில் கடைசி அறை, டியூக்கின் படுக்கையறை. அதன் கூரை ஓவியத்தைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். மூன்று வருஷம் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை.

வீடு பார்க்கும் படலம்

முதல் வருஷம் பக்கத்து ஊர் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வந்த என்ஜினீயர் ஒருவர். அபார்ட்மென்டை விட்டு வீடு வாங்க அலைந்துகொண்டிருந்த நேரம். தர்பார் மண்டபத்தை அடி வைத்து அளந்தார். ஹீட்டிங் பில் எவ்வளவு வரும் என்று காவலரிடம் கேட்கச் சொல்லி என் உயிரை எடுத்தார். கேட்டுச் சொல்வதற்குள் மாடியை மூடிவிட்டார்கள். அவர் தீர்ப்பு:

“இத்தனை ரூம் இருக்கு, ஒரு அட்டாச்டு பாத்ரூம் இல்ல. ரீசேல் கஷ்டம்ங்க.”

செருப்பு

அடுத்த வருஷம், மாதா படம் இருந்த அறை வாசலில் ஒரு ஆன்ட்டி பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த அத்தனை பேரும் கழற்றினார்கள். திரும்பி வந்தால் ஒரு ஜோடிகூட இல்லை. தொலைந்த பொருள் என்று ஊழியர்கள் மூட்டை கட்டி அடித்தளத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். சாயங்காலம் வரை அங்கே உட்கார்ந்து ஜோடி சேர்த்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆன்ட்டி நிதானமாகச் சொன்னார்:

“இதுக்குத்தான் நான் எங்க போனாலும் பழைய செருப்பைப் போட்டுட்டுப் போறது.”

கேம்கார்டர்

மூன்றாம் வருஷம் ஒருத்தர் கேம்கார்டரை முகத்தை விட்டு இறக்கவேயில்லை. பின்பக்கமாகவே நடந்து படமெடுத்துப் போய் ஒரு பளிங்குச் சிலைமேல் சாய்ந்தார். காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடியே என் பொழுது போனது. கண்ணால் ஒரு தடவை பாருங்களேன் என்றேன்.

“இப்ப எதுக்கு மேடம்? வீட்டுக்குப் போய் டிவில பொறுமையா பாத்துக்கலாம்.”

கூரை

நாலாம் வருஷம் எல்லோரையும் புல்வெளியில் புளியோதரையோடு உட்கார வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அண்ணாந்து பார்த்தேன். நீல வானம், மேகம், நடுவில் கை நீட்டி ஒரு பெண். என்னவோ, பொலபொலவென்று அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். என்னைத் தேடி மூச்சிரைக்க வந்த அங்கிள் ஒருவர், கூரையை ஏறெடுத்தும் பார்க்காமல் பதறிப்போய்க் கேட்டார்:

“என்னம்மா, பாஸ்போர்ட் தொலைஞ்சிடுச்சா?”

வெளிநாட்டில் ஒரு தமிழச்சி அழுவதற்கு அதைவிட நியாயமான காரணம் எனக்கும் அப்போது சொல்லத் தெரியாததால், “கிடைச்சிடுச்சு அங்கிள்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.