நாலு பேர் உட்காரும் நாற்காலி

மனிதர்களை நாற்காலியோடு கம்பியில் தொங்கவிட்டு மலையேற்றுவதும் ஒரு தொழில்தான். அதில் பதினெட்டு வருடம் இருந்தேன் என்றால் சென்னையில் இன்னமும் சர்க்கஸில் இருந்து வந்தவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். நம் வேலை தப்பினால் முன்பின் தெரியாத ஒருவருக்கு அடிபடும் என்கிற மாதிரி உத்தியோகத்தில் நீங்களும் இருந்தால், கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில், நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில் இருந்த ஒரு சின்னப் பனிச்சறுக்கு மலையில், இரண்டு பேர் உட்காரும் பழைய லிஃப்டை எடுத்துவிட்டு நாலு பேர் உட்காரும் புதிய லிஃப்டைப் போட்டோம். அந்த ஒரு வருடத்தில் நடந்தவை இவை. அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தந்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்கல்

ஊரில் நான் ஒரு சிமென்ட் ஆலையில் இருந்தேன். குவாரியிலிருந்து ஆலைக்குக் கம்பியில் தொங்கி வரும் சுண்ணாம்புக்கல் தொட்டிகளைக் கவனிப்பது என் வேலை. அந்த அனுபவத்தை மட்டும் நம்பி, நியூ ஜெர்சியின் பார்சிப்பனி நகரில் லிஃப்ட் வடிவமைக்கும் ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்ணினேன். இன்டர்வியூ எடுத்தவர் ஃபிராங்க். பிற்பாடு என் மேலதிகாரியானவரும் அவர்தான்.

"தொட்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பழுது பார்த்து மறுபடி ஓட்டுவோம், அரை நாள் ஆகலாம் என்றேன். "அந்த அரை நாளும் கல் என்ன செய்யும்?" என்றார். சும்மா இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பேப்பர்களை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்கே அது சும்மா இருக்காது, அழும். அதை மட்டும் கற்றுக்கொண்டால் உங்களுக்கு இந்த வேலை வரும்."

மிஸஸ் ஹாலின் வரிசை

மலையின் சொந்தக்காரி மிஸஸ் ஹால். அறுபது வயதிருக்கும். பழைய லிஃப்டைப் போட்டவர் அவர் கணவர். அவர் இறந்த பிறகு மலையை இந்த அம்மாள்தான் நடத்தினார். சனிக்கிழமைகளில் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்தவர்களோடு வந்தவராக லிஃப்ட் வரிசையில் நிற்பார். யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காக.

நான் முதன்முதலாகப் போன அன்று என்னையும் நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் நின்றோம். நான் வாங்கியிருந்த கையுறை வெறும் பருத்தி. விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் பிள்ளைகளிடம், அடுத்த வருடம் வெர்மான்ட் மலைகளுக்குப் போகலாம், இங்கே வேண்டாம் என்றார். மிஸஸ் ஹால் காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். பிறகு நாற்காலியில் பன்னிரண்டு நிமிடம், எதிர்க்காற்றில். உச்சியில் இறங்கியதும் சொன்னார்: "மலையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. வரிசையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்த வரிசை இருக்கக் கூடாது."

வசந்தா

மார்ச் மாதம் அளவெடுக்கப் போயிருந்தபோது பழைய லிஃப்ட் நின்றது. கியர்பாக்ஸ் தண்டு முறிந்துவிட்டது. பிரேக் பிடித்துக்கொண்டதால் நாற்காலிகள் பின்னோக்கி ஓடவில்லை, ஆனால் மாற்று என்ஜினை வைத்தும் நகர்த்த வழியில்லை. எண்பது பேர் அந்தரத்தில். மலையின் மெக்கானிக் ரே கயிற்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். நானும் அவன் பின்னால் போனேன். கம்பியின் மேல் கயிற்றை வீசி, அதில் ஒரு பட்டையைக் கட்டி மேலே அனுப்புவோம். உட்கார்ந்திருப்பவர் பட்டையை அக்குளுக்கடியில் மாட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு நகர வேண்டும். கீழே நாலு பேர் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்குவோம்.

கம்பியைத் தாங்கும் ஒன்பதாவது இரும்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில், மேலேயிருந்து, "நீங்க தமிழா?" என்று ஒரு குரல் வந்தது. ஓவர்கோட்டுக்கு அடியில் புடவை கட்டிய ஒரு பெண். பக்கத்தில் பத்து வயது மகள். எடிசன் நகரிலிருந்து தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து பஸ்ஸில் வந்தவர்கள். சறுக்கத் தெரியாது, மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பெயர் வசந்தா என்று பிறகு தெரிந்தது. "முதல்ல பாப்பாவை எறக்குங்கண்ணா," என்றார். மகள் சமர்த்தாகப் பட்டையை மாட்டிக்கொண்டு, "அம்மா, ஐ'ம் ஓகே, டோன்ட் லுக்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். தாயின் முறை வந்தபோது, "புடவையில எப்படிண்ணா?" என்று தயங்கினார். நான் ரேயிடம் சொன்னேன். அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். அதை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு இறங்கினார். அந்தக் குளிரில் ரே சட்டையோடு நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தரையில் கால் பட்டதும் மகளைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியலண்ணா. பாப்பா எறங்கினதும் அந்தச் சேர் ஒரு பக்கமா சாஞ்சிச்சு பாருங்க, அப்பதான் எனக்குக் கீழ எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சது."

ஹெலிகாப்டர்

கோடையில் பழைய லிஃப்டைப் பிரித்து இரும்புக்கடைக்கு அனுப்பினோம். கோபுர அடித்தளங்களுக்கு மலைச்சரிவில் லாரி ஏறாது. அக்டோபரில் ஹெலிகாப்டரில் தொட்டி தொட்டியாகக் கான்கிரீட் வந்தது. கீழே நின்று தொட்டியைப் பிடித்துக் குழிக்கு நேராகத் திருப்ப வேண்டும். ஏழாவது குழியில் காற்று சுழன்று, தொட்டி என்னை இடித்துத் தள்ளியது. இடது மணிக்கட்டு முறிந்தது. ரே ஓடி வந்து தொட்டியைப் பிடித்துக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டுத்தான் என்னைத் தூக்கினான், அதுதான் முறையும்கூட. சாயங்காலம் கட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்க பைலட் வந்தார். "நீங்கள் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த பதினான்கு தொட்டிகளை என்னால் கொண்டுவந்திருக்க முடியாது," என்றார்.

மூன்று பிடிகள்

புதிய லிஃப்டின் சூட்சுமம் அதன் பிடியில் இருக்கிறது. கம்பி வேகமாக ஓடும். நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலி கம்பியை விட்டுவிட்டு மெதுவாக நகரும். ஆட்கள் ஏறியதும் மறுபடி கம்பியைக் கவ்விக்கொள்ளும். கவ்வுவது ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில். ஒவ்வொரு பிடியையும் கம்பியில் மாட்டி இழுத்து, எவ்வளவு பலத்துக்கு வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு நான் கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்டில் ஆளை ஏற்றலாம். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில் பார்த்தோம். மூன்று பிடிகள் சீக்கிரமே வழுக்கின. துடைத்து, மாற்றி மாட்டி மறுபடி இழுத்தோம். அதே மூன்று, அதே அளவில். மற்றவை எல்லாம் தேறின.

"அந்த மூன்று நாற்காலிகளைக் கழற்றிவிட்டு மீதியை ஓட்டலாமே," என்றார் மிஸஸ் ஹால். அது அசட்டுக் கேள்வி இல்லை. ஃபிராங்கும் போனில், முடிவு உன்னுடையது, ஆனால் அந்த அம்மாள் கேட்பது நியாயம்தான் என்றார். என் சந்தேகம் வேறு. ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. எஃகிலேயே கோளாறு என்றால், இன்று தேறியது ஒரு மாத ஓட்டத்துக்குப் பிறகும் தேறும் என்று எதை வைத்துச் சொல்வது? நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. புது ஸ்பிரிங் வர ஒரு மாதம் ஆகும். ரேயிடம் கேட்டேன். அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீ கையெழுத்துப் போட்டால் ஓட்டுவேன், போடாவிட்டால் நிறுத்தி வைப்பேன். ஆனால் என்னைக் கேட்காதே. இந்த மலையை நம்பிப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்."

சாப்பாட்டு மேஜை

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க எனக்கு வேண்டிய கிரீன் கார்டு அப்போது கம்பெனி போட்ட விண்ணப்பத்தை நம்பி இருந்தது. என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். மதியம் வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸஸ் ஹால் பாவம், வருடத்தில் அந்தக் கிறிஸ்துமஸ் வாரம்தான் அவருக்கு எல்லாமே, ஃபிராங்க் முகம் கொடுத்துப் பேச மாட்டார், கார்டு தள்ளிப்போகலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "டாக்டருக்கு டவுட்னா நாங்க மருந்தைக் கையில எடுக்க மாட்டோம். உங்களுக்கு டவுட் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. கிரீன் கார்டுக்கு நான் என் ஹாஸ்பிடல் மூலமா அப்ளை பண்ணிக்கிறேன்."

கேட்டருகில்

கையெழுத்துப் போட முடியாது என்று மறுநாள் காலை மிஸஸ் ஹாலிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் விழுந்த பனியைப் போல நல்ல பனியை நான் அந்த மலையில் பிறகு பார்த்ததில்லை. அடிவாரத்தில் குழந்தைகள் பிடித்துக்கொண்டு மேலேறும் கயிற்று இழுவை மட்டும் ஓடியது. மேலே, ஒரு தடமும் படாத வெள்ளைச் சரிவு. அதன் மேல் நாலு பேர் உட்காரும் நாற்காலிகள் வரிசையாக, சும்மா தொங்கின.

மிஸஸ் ஹால் கார் நிறுத்தும் இடத்தின் கேட்டில் நின்று, வருகிற ஒவ்வொரு காரையும் தானே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். வீட்டில் இருக்க முடியாமல் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் போ என்று சொல்லவில்லை. மேலே ஸ்கீ கட்டிய ஒரு காரிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, புது லிஃப்ட் அதற்குள் உடைந்துவிட்டதா என்று கேட்டார். மிஸஸ் ஹால் என் பக்கம் கையைக் காட்டினார். "உடையவில்லை. இவருக்குத் திருப்தியாகவில்லை."

லிண்டா

மலை உச்சியில் ஒரு சின்ன கேன்டீன். அங்கே சூப்பும் சூடான சாக்லேட்டும் விற்றவள் லிண்டா. லிஃப்ட் ஓடாவிட்டால் உச்சிக்கு யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு வேலை இல்லை. ஜனவரி வரை காத்திருக்க முடியாமல் பென்சில்வேனியாவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். இது எனக்கு வசந்த காலத்தில்தான் தெரியும். ரே சொல்லவே இல்லை. அவள் அவன் தங்கை.

இரண்டு வருடம் கழித்து ரூட் 46 நெடுஞ்சாலையில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவளாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். உன் வேலை என்னால்தானே போனது என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்கள் செய்தது சரி என்று ரே சொல்கிறான். சரியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த டிசம்பர் நன்றாக இல்லை, அவ்வளவுதான்."

பரிசோதனைக்கூடத்துக் காகிதம்

புது ஸ்பிரிங்குகள் வந்து, ஜனவரி நடுவில், தூறல் போட்ட ஒரு வியாழக்கிழமை லிஃப்டைத் திறந்தோம். முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் நாற்காலியில் மிஸஸ் ஹால், ரே, ஃபிராங்க், நான். நாலரை நிமிடத்தில் உச்சி. வரிசையே இல்லை, நிற்க ஆளும் இல்லை.

கழற்றிய ஸ்பிரிங்குகளை ஃபிராங்க் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். பதில் மார்ச்சில் வந்தது. நானே எடுத்துக்கொண்டு போய் மிஸஸ் ஹாலிடம் கொடுத்தேன். வழுக்கிய மூன்றும் போக இன்னும் எட்டு ஸ்பிரிங்குகளில் எஃகு சரியாகப் பதப்படுத்தப்படவில்லை. ஆனால் அவை அந்த சீசன் முழுவதும் தாங்கியிருக்குமா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்று எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "ஆக, நீங்கள் என் மலையைக் காப்பாற்றினீர்களா, ஒரு கிறிஸ்துமஸை வீணாக்கினீர்களா என்பது எனக்குச் சாகும்வரை தெரியப்போவதில்லை. உட்காருங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம்."

பதினெட்டு வருடம் எத்தனையோ லிஃப்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய என்னை, அந்த மலைப்பக்கத்து ஜனங்கள் இன்னமும் நினைவு வைத்திருப்பது போடாத ஒன்றுக்காகத்தான், அதுவும் பாதிப் பேர் கோபமாக.